உத்திரமேரூர் சுற்றுவட்டார முதல் பத்துப் பாட்டுகள்

பொய் சொல்வதில் எங்கள் பள்ளிக்கூடத்தை மிஞ்ச ஆள் கிடையாது என்பதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்தேன். "உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு எது?" என்று நோட்டும் கையுமாக வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டேன். பத்தாம் வகுப்புப் பையன்கள் அத்தனை பேரும் ஒரு புதுப் படத்தின் பாட்டைச் சொன்னார்கள். அந்தப் படம் உத்திரமேரூர் கொட்டகைக்கு இன்னும் வரவே இல்லை. கணக்கு வாத்தியார் என் வாயில் நுழையாத ஒரு ராகத்தின் பெயரைச் சொல்லி, பிழையில்லாமல் எழுதிக்கொள்ளச் சொன்னார். டீக்கடை பெஞ்சில் எந்தப் பாட்டுக்கு அவர் தொடையில் தாளம் போடுவார் என்பது ஊருக்கே தெரியும்.

அது எண்பத்திரண்டாம் வருடம். நான் பிளஸ் ஒன். ஆங்கிலம் எடுத்த ஐசக் சார் வகுப்பை மூன்று மூன்று பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பத்திரிகை தயாரிக்கச் சொல்லியிருந்தார். எட்டுப் பக்கம். அட்டை, தலைப்பு, நடுப்பக்கம் எல்லாமே நாங்களே வடிவமைக்க வேண்டும். பள்ளி ஆபீசில் இருந்த சைக்ளோஸ்டைல் மெஷினில் ஐம்பது பிரதி ஓட்டித் தருவார்கள். ஒருநாள் பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, நன்றாக இருப்பதைக் காஞ்சிபுரத்தில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள். விவசாயம், விளையாட்டு, விஞ்ஞானம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது இசை.

எங்கள் குழுவில் அருள்தாஸ் படம் போடுவான். சொக்கம்மாளுக்கு அச்சு மாதிரி கையெழுத்து. மெழுகுத்தாளில் இரும்புப் பேனாவால் எழுத்தைக் கீறும் வேலை அவளுக்கு. எனக்கு இரண்டும் வராது. எனக்கு வாய் இருந்தது.

பத்திரிகைக்கு 'ஒலிக்குழாய்' என்று பெயர் வைத்தோம். பனைமரத்தில் கட்டிய ஸ்பீக்கர் குழாய்க்குள் ஒரு காக்கா உட்கார்ந்திருப்பதாக அருள்தாஸ் அட்டை வரைந்தான். காக்கா எரிச்சலாக இருப்பதுகூடத் தெரிந்தது. சாருக்கு அட்டை பிடித்தது. நடுப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் உதட்டைப் பிதுக்கினார். அதில் நான் ஏழு சுரங்களைப் பற்றி லைப்ரரி புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தேன். "இதத்தான் எல்லாரும் எழுதுவாங்களேம்மா. நம்ம ஊரப் பத்தி உங்க பத்திரிகைக்கு மட்டும் தெரிஞ்சது இன்னா?" என்று கேட்டார். அந்த ரோஷத்தில்தான் நம் சுற்றுவட்டாரத்தின் முதல் பத்துப் பாட்டுகள் எவை என்று பட்டியல் போடக் கிளம்பினேன். நோட்டு முழுக்கப் பொய்யோடு திரும்பி வந்தேன்.

"ஆளுங்கள கேட்டா அப்பிடித்தான் சொல்லுவாங்க," என்றான் அருள்தாஸ். "மைக் செட்டு ரெக்கார்டுத் தட்ட கேளு. எந்தத் தட்டு ரொம்பத் தேஞ்சிகீதோ அந்தப் பாட்டுதான் ஜாஸ்தி ஓடினது. தட்டு பொய் சொல்லாது."

எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு யோசனை எனக்கு ஏன் வரவில்லை? கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதத்துக் கூழ் என்று எதுவானாலும் மைக் செட் இல்லாமல் இந்தப் பக்கம் எதுவும் நடக்காது. உத்திரமேரூரிலேயே பெரிய மைக் செட் வரதனுடையது. வரதன், அருள்தாஸின் அத்தை சிட்டம்மாளின் வீட்டுக்காரர். சனிக்கிழமை மூன்று பேரும் போனோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சுவரெல்லாம் குழாய்களும் ஒயர் சுருள்களும் தொங்கின. வரதன், நாற்பது வயதிருக்கும், ஆம்பிளிஃபயரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தார். அருள்தாஸ் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"தேஞ்ச தட்ட பாக்க வந்த மொத ஆளுங்க நீங்கதான். பாப்பா எந்த ஊரு?"

ஊரைச் சொன்னேன்.

"யாரு வூட்டுப் பொண்ணு?"

"சின்னராசு பொண்ணு கனகா. எங்க நைனா ஏரிப் பாசன சங்கத் தலைவரு," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

அவர் பற்றுக்கோலைக் கீழே வைத்தார். "வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?"

"நல்லா கீறாங்க."

"எத்தினி பேரு கீறீங்க?"

"நானு, நைனா, அம்மா, சித்தப்பா, சித்தி, சித்தி பையன் முத்துவேலு."

"முத்துவேலுக்கு இன்னா வயசு?"

"நாலு." பேட்டி எடுக்க வந்தவள் நான். கேள்வியெல்லாம் அவரே கேட்டுக்கொண்டிருந்தார். எரிச்சலை அடக்கிக்கொண்டு, தட்டுகளைப் பார்க்கலாமா என்றேன். அவர் எழுந்து எங்கள் மூன்று பேருக்கும் கோலி சோடா வாங்கி வந்து, பெட்டிகளைத் திறந்து கொடுத்தார். இதற்குப் போய் எதற்கு உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன், ஆனாலும் குடித்தேன்.

நூற்று எண்பது தட்டுகள். ஒவ்வொன்றையும் கதவு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். அதிகம் ஓடாதது கறுப்பாக மினுங்கியது. ஓடியது சாம்பல் பூத்திருந்தது. நிறைய ஓடியது வெளுத்துப்போயிருந்தது. கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்று குவியல் போட்டு, வெள்ளையை மறுபடி பிரித்தோம். பிள்ளையார் பாட்டு மேலே வரும் என்று எதிர்பார்த்தோம். எங்கே செட் கட்டினாலும் முதல் பாட்டு பிள்ளையாருக்குத்தான். அது வந்தது. பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலப் பாட்டு வந்தது. கணக்கு வாத்தியார் தாளம் போடும் பாட்டும் வந்தது. அதற்கு ஐந்தாம் இடம்.

ஆனால் எல்லாவற்றையும்விட வெளுத்த தட்டு ஒன்று இருந்தது. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் எழுத்தெல்லாம் உதிர்ந்திருந்தது. ஒரே வாரத்தில் சுருண்டுகொண்ட ஏதோ படத்தின் தாலாட்டு என்றார் வரதன். படத்தின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

"யாரு இத போடச் சொல்லி கேக்கறாங்க?" என்றேன்.

"யாரும் கேக்க மாட்டாங்க. மைக் டெஸ்டுக்குப் போடுறது. கல்யாண வூட்ல தாலாட்டு பாடுறியேன்னு திட்டுவாங்க. டெஸ்டுதான்னு சொல்லிடுவேன்."

நான் எழுதிக்கொண்டேன். அருள்தாஸ் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டெஸ்டுன்னா மொத ரெண்டு வரிதான மாமா ஓடும்? வெளி ஓரம்தான தேயணும்? இது உள்ள கடைசி வரைக்கும் வெளுத்துக்கீதே."

வரதன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். நானே தட்டை எடுத்து மெஷினில் வைத்தேன். இதெல்லாம் கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒரு பெண் குரல் பாடியது. "ஆத்து மணல்மேலே" என்று ஆரம்பித்து "அசந்து" என்ற இடத்துக்கு வந்ததும் முள் ஒரு கீறலில் சிக்கிக்கொண்டது. அசந்து, அசந்து, அசந்துறங்கும் நிலவே. மூன்று தரம் சிக்கி, தானாகவே தாண்டிப் போனது.

"ஐய, இது எங்க சித்தி பாட்டு!" என்று கத்திவிட்டேன். "முத்துவேலுக்கு இப்பிடித்தான் பாடும். மூணு அசந்து போட்டு. பாட்டே அப்பிடின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

வரதன் ஒயரைக் கீழே போட்டார். "மூணு தபா பாடுதா? மூணும் பாடுதா?" என்று கேட்டார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே போனவர், நாங்கள் கிளம்பும் வரைக்கும் உள்ளே வரவில்லை.

எனக்கு மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. யாரும் கேட்காத பாட்டு ஏன் முதலிடத்தில் இருக்கிறது? போகிற வழியிலேயே நடுப்பக்கத்துக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது: 'முதலிடம் பிடித்த தாலாட்டின் மர்மம்! காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு.' சொக்கம்மாள் அன்று சாயந்திரமே மெழுகுத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எதையும் நாளைக்கு என்று தள்ளுகிற பெண் இல்லை அவள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாஞ்சாலி சித்தி பம்ப்செட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் தொட்டி மேல் உட்கார்ந்து, "சித்தி, உன் பாட்டுதான் எங்க பத்திரிகைல மொத எடம்," என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மைக் செட் வரதன் என்று சொன்னதும் சித்தி துவைப்பதை நிறுத்தினாள்.

"எப்பிடி கீறாரு?" என்றாள்.

"யாரு?"

"எளைச்சிக்கீறாரா? முடி நரைச்சிப் போச்சா?"

சித்திக்குப் பிறந்த வீடு பழையசீவரம் என்று தெரியும். அங்கே யாரும் இல்லை என்று சொல்லித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். பண்டிகைக்குக்கூடச் சித்தி போனதில்லை. நானும் அதைக் கேட்டதில்லை. ஊரில் உள்ள எல்லாவற்றையும் துருவுகிற எனக்கு, என் வீட்டுக்குள் இருக்கும் ஒருத்தியைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"எங்க அண்ணன்டி அது," என்றாள் சித்தி. "எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்துல காலனில சிட்டம்மாள கட்டிக்கிச்சி. உங்க நைனா என்ன கூடத்துல நிக்க வெச்சி சொன்னாரு. இனிமே அவன் இந்த ஊர் எல்லைல கால் வெக்கக் கூடாது, நீ பேசக் கூடாது, பேசினா அவங்கூடவே போயிடுன்னாரு."

"சித்தப்பா இன்னா சொன்னாரு?"

"உங்க நைனா எதிர்ல உங்க சித்தப்பா என்னிக்கு வாயத் தொறந்துகீறாரு? பத்து வருஷமாச்சி. அண்ணன் எந்த ஊர்ல செட்டு கட்டினாலும், எங்க காதுல வியற தூரம்னா, விடிகாலைல மைக் டெஸ்டுன்னு மொத அந்தப் பாட்ட போட்டுடும். முழுசா. அண்ணன் இன்ன ஊர்ல கீது, நல்லாக்கீதுன்னு நான் தெரிஞ்சிக்குவேன். நடுவுல ரெண்டு மாசம் பாட்டே இல்ல. மஞ்சக்காமாலையாம், அப்பறந்தான் தெரிஞ்சிது. நான் சோறு துன்னல."

"வேற செட்டுக்காரங்க அதே பாட்ட போட்டா?"

"போடட்டுமே. மூணு தபா சிக்கிக்கினு போறது எங்க அண்ணன் தட்டு ஒண்ணுதான்." சொல்லும்போது சித்திக்குச் சிரிப்புகூட வந்தது. உடனே என் கையைப் பிடித்தாள். "கனகா, உங்க பொஸ்தகத்துல அத போடாதடி. உங்க நைனா படிச்சா புரிஞ்சிக்குவாரு. சங்கத்துல ஒரு வார்த்த சொன்னார்னா சுத்துப்பட்டுல ஒருத்தன் அண்ணன் செட்ட கூப்புட மாட்டான். பொயப்பு போனா எங்கியாவது மெட்ராஸ் பக்கம் போயிடும். அப்பறம் எனக்கு பாட்டு ஏது?"

திங்கட்கிழமை பள்ளிக்கு ஓடினேன். சொக்கம்மாள் நடுப்பக்கத்தை முடித்திருந்தாள். மர்மம், பரிசு, ஆச்சரியக்குறி எல்லாம் கச்சிதமாகக் கீறியிருந்தாள். புதுத் தாள் கேட்டால் ஆபீசில் கிடைக்காது. தப்பான எழுத்தை அடைக்க ஒரு சிவப்பு மருந்து உண்டு. தடவினால் கீறல் மூடிக்கொள்ளும், அந்த இடத்தில் மை இறங்காது. நான் அந்தப் பாட்டிலைத் திறந்தேன். அருள்தாஸ் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டான்.

"இன்னாத்துக்கு அழிக்கிற?"

"அந்தப் பாட்டு வேணாம். ரெண்டாவத மொதல்ல போட்டுக்கலாம்."

"தட்டு பொய் சொல்லாதுன்னு நாமதான சொன்னோம்? இப்ப நாம சொல்லணுமா?"

அவனிடம் எப்படிச் சொல்வது? அவன் அத்தையைக் கட்டியதற்காகத்தான் எங்கள் வீட்டில் இது நடந்திருக்கிறது. என் வாய் முதல்முறையாக எனக்கு உதவவில்லை. சொக்கம்மாள் தண்ணீர் குடிக்கப் போனபோது, தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"மாமாக்கு ஒரு தங்கச்சி கீதுன்னு தெரியும். எந்த ஊருன்னு யாருக்கும் சொல்லாது," என்றான். பிறகு அவன் குரல் மாறியது. "எங்க அத்தைய கட்டிக்கினதுக்கு உங்க சித்திக்குத் தண்டனையா? நல்லாக்கீது உங்க வூட்டு ஞாயம்."

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது சரி.

அவனே பிரஷை எடுத்தான். தலைப்பையும் மர்மத்தையும் பரிசையும் பாட்டின் பெயரையும் ஒவ்வொரு வரியாக அடைத்தான். ஒன்று என்ற எண்ணை மட்டும் விட்டுவிட்டான். "ரெண்டாவத ஒண்ணுன்னு போட்டா பொய். ஒண்ண காலியா வுட்டா பொய் இல்ல," என்றான். திரும்பி வந்த சொக்கம்மாள் தன் வேலை நாசமானதைப் பார்த்து இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

பெற்றோரைக் கூப்பிட்ட நாளில் பத்திரிகைகளை வராந்தாவில் பெஞ்சு போட்டு அடுக்கியிருந்தார்கள். நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். விவசாயப் பத்திரிகையில் எங்கள் ஏரியின் படத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பிடி பிடித்துவிட்டு எங்கள் பெஞ்சுக்கு வந்தார். காக்காவைப் பார்த்துச் சிரித்தார். நடுப்பக்கத்தைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு பாட்டாகப் படித்தார்.

"இன்னாடி இது, ஒண்ணுல ஒண்ணுமே காணோம்? ரெண்டுலருந்து ஆரம்பிச்சிக்கீறீங்க?"

"அந்தத் தட்டு ஒடைஞ்சி போச்சி நைனா. அதான் வுட்டுட்டோம்," என்றேன்.

"எப்ப ஒடைஞ்சிது?"

"போன வாரம்."

நைனா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இன்னிக்குக் காத்தாலகூட ஏரிக்கு அந்தாண்ட பாடிச்சே," என்றார். "மூணு தபா சிக்கிக்கினு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போல. பக்கத்தை மூடினார், மறுபடி திறந்தார். பெஞ்சுக்கு அந்தப் பக்கம் அருள்தாஸ் எங்களைப் பார்க்காத மாதிரி பிரதிகளைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அடுத்த நொடியே கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. பத்து வருஷமாகச் சித்தி பயந்து பயந்து, யாருக்கும் காட்டிக்கொள்ளாமல் கேட்ட பாட்டு. அதை இந்த மனிதர் ஏரிக்கரையில் பல் துலக்கிக்கொண்டு, எத்தனை தரம் சிக்குகிறது என்று எண்ணியபடி கேட்டிருக்கிறார்.

"தெரிஞ்சிக்கினேதான் இருந்தியா நைனா?"

"சத்தம் போடாத. நாலு பேரு பாக்கறாங்க."

"தெரியும்னா மாமாவ வூட்டுக்குக் கூப்புட வேண்டிதுதான? சித்திய போய் பாக்கச் சொல்ல வேண்டிதுதான?"

"சொன்ன சொல்ல எப்பிடிம்மா திருப்பி எடுக்கறது?" என்றார். சங்கக் கூட்டத்தில் நூறு பேரை அதட்டுகிற குரல் அது. என்னிடம் நிஜமாகவே வழி கேட்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பரிதாபம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ என்னவோ.

அவர் கையில் இருந்த பிரதியை வாங்கினேன். பேனாவை எடுத்து, ஒன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் என் கோணல் கையெழுத்தில் எழுதினேன்: 'ஆத்து மணல்மேலே. பழையசீவரம் வரதன், தன் தங்கை பாஞ்சாலி கேட்பதற்காகப் போடுவது.' எழுதி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். விரலை வைத்துப் படித்தார். நான்காக மடித்து வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காஞ்சிபுரத்துக்கு விவசாயப் பத்திரிகையைத்தான் அனுப்பினார்கள். சாயந்திரம் பஸ்ஸுக்கு நடந்தபோது நைனா எனக்கு முன்னால் போனார். வரதனின் கொட்டகை இருந்த சந்து வந்ததும் நின்றார். உள்ளே போகவில்லை. சந்தைப் பார்த்தபடியே என்னைக் கேட்டார்.

"அந்தத் தட்டு இன்னும் எத்தினி நாளைக்குத் தாங்கும்?"

நான் பார்த்ததைச் சொன்னேன். "தேஞ்சி வெள்ளையா போச்சி நைனா. இன்னும் ஒரு வருஷம் தாங்கினா பெருசு."